உடம்புக்குள் இரும்பு இருக்கிறதா?

2023 மாசி மாதம், மேற்கு இலண்டனில் ஒரு பெரிய வைத்தியசாலையின் கீழ்த்தளத்தில், முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற நீலச் சட்டையுடன் குந்தியிருந்தேன். பக்டரியில் பெட்டி தூக்கித் தூக்கி நாரி பிடித்துவிட்டது. ஜீ.பி. பனடோல் தந்தார், பயிற்சி செய்யச் சொன்னார், கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதினார். போனவுடன் ஒரு தாளைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். இருபது கேள்வி வரையில் இருக்கும். இதயத்தில் கருவி உண்டா? தலையில், காதில் சத்திரசிகிச்சை செய்ததுண்டா? கண்ணுக்குள் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதா? உடம்பில் எங்காவது குண்டுச் சிதறலோ சன்னமோ உண்டா? நான் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’ என்ற பக்கத்தில் புள்ளடி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அது பொய். 2009 சித்திரையில் புதுமாத்தளனில் விழுந்த செல்லின் இரண்டு பீஸ் இன்னும் என் முதுகில், வலது தோளுக்குக் கீழே இருக்கிறது.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். எங்களில் பலருக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் சட்டையைக் கழற்றச் சொல்லித் தழும்பைத் தேடினார்கள். தழும்பு இருந்தால் மேலும் நாலு கேள்வி, சிலருக்கு அதற்கு மேலும். அதனால் மறைத்தோம். இந்த நாட்டுக்கு வந்து அகதி அந்தஸ்துக் கேட்டபோது அதே தழும்பை வைத்தியருக்குக் காட்டி, அளந்து, கடிதம் வாங்கி, இது செல்லால் வந்ததுதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இரண்டும் முடிந்த பிறகு, எந்தப் படிவத்தைக் கண்டாலும் ‘இல்லை’ என்று போடுவது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

ஸ்கான் அறைக்கு என்னைக் கூட்டிப்போக வந்த பெடியன் பின்னால் நடந்து வந்தான். சட்டையின் நாடாவை நான் சரியாகக் கட்டவில்லை. கதவடியில் ‘கொஞ்சம் நில்லுங்கள்’ என்றான். தோளடியில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டான். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தன் மேலதிகாரியைக் கூட்டி வந்தான்.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கேரளத்துக்காரர். அந்தப் பகுதிக்கே பொறுப்பான சுப்பரின்ரென்டன்ற் றேடியோகிராபர். என் பெயரைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தோடு மலையாளமும் கலந்து பேசினார். ‘மோனே’ என்றார். எங்கள் அப்பாச்சி ‘மோனை’ என்று கூப்பிடுவது போலவே இருந்தது. ‘இது பொலிஸ் கேள்வி இல்லை. இந்தத் தாள் உன்னுடைய ஸ்கானுக்கு மட்டும். இரும்பு இருந்தால் நான் உன்னை இந்தக் கதவைத் தாண்ட விடமாட்டேன். இருக்கிறதா?’ என்று கேட்டார். பதினாலு வருடத்தில் முதல் தடவையாக, வழக்கறிஞரும் இல்லாமல் பயமும் இல்லாமல், ‘இருக்கிறது’ என்று சொன்னேன்.

அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அன்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். எக்ஸ்றே மெசினை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். எம்.ஆர்.ஐ. அப்படியல்ல. அது ஒரு காந்தம். ஆள் இல்லாத நேரத்திலும், இரவிலும், நத்தாருக்கும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். வழக்கமாக வைத்தியசாலைகளில் உள்ள 1.5 ரெஸ்லா மெசின், பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு பலமானது. 2018 சனவரியில் மும்பையில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய், மெசினோடு இழுபட்டு இறந்துபோனார். அவருக்கு 32 வயது. அந்தக் கதவடியில் நின்று ‘நில்’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது இப்படிப்பட்ட சாவுகளால் படித்த பாடம்.

உடம்புக்குள் இருக்கும் பீஸ் சிலிண்டர் போலப் பறந்து வராது. பல வருடம் சதைக்குள் இருந்தால் சுற்றிவரத் தழும்பு கட்டி இறுகிவிடும். ஆனால் கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் இருந்தால் கொஞ்சம் அசைந்தாலும் ஆபத்து. சில வேளை சூடேறவும் செய்யும். 1986இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில், கண்ணுக்குள் சிறிய இரும்புத் துணுக்கு இருந்தது தெரியாமல் இந்த ஸ்கான் எடுத்து ஒரு கண்ணின் பார்வை போன ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். செல் பட்டவர்களுக்கு மட்டுமல்ல, பக்டரியில் இரும்பு அராவுகிற, வெல்டிங் செய்கிற எம்மவருக்கும் இது பொருந்தும்.

அன்று ஸ்கான் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக எக்ஸ்றே எடுத்தார்கள். பிறகு அறிவிப்போம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் சம்பளம் போய்விட்டதே என்று பஸ்சில் வரும்போது கவலையாக இருந்தது, உண்மை. ஆனால் அந்தப் பெண்மணியின் வேலை என்ன என்ற யோசனை அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

நான் வேலை செய்வது சாப்பாடு பொதி செய்கிற பக்டரி. எங்கள் லைனில் ஒரு மெற்றல் டிற்றெக்டர் இருக்கிறது. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரும்பு, செம்பு கலந்தது, ஸ்ரெயின்லெஸ் என்று மூன்று சோதனைத் துண்டுகளை அதற்குள் விட்டு, அது பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அந்த மணித்தியாலச் சரக்கு முழுவதும் நிற்கும். அங்கேயும் ஏறக்குறைய அதேதான். காலையில் சீ.ரீ. ஸ்கான் மெசினுக்குள் தண்ணீர் நிரப்பிய ஒரு வட்டமான பாத்திரத்தை வைத்துப் படம் எடுப்பார்கள். தண்ணீர் பூச்சியம் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்று எந்த நோயாளியின் படத்தையும் நம்ப முடியாது. ஈய அங்கியில் வெடிப்பு இருக்கிறதா, ஊழியர் சட்டையில் குத்தியிருக்கும் கதிர் அளக்கும் பட்டி மாதாமாதம் என்ன காட்டுகிறது, இரவு விபத்துப் பகுதிக்கு யார் நிற்பது, எத்தனை படம் பழுதாகித் திரும்ப எடுக்க வேண்டி வந்தது, இவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவர் அந்தப் பொறுப்பாளர். ஊழியர் ஒருவர் ஒரு வருடத்தில் பெறக்கூடிய கதிருக்குச் சட்டம் 20 மில்லிசீவேட் என்று எல்லை வைத்திருக்கிறது. எங்கள் பக்டரி சுப்பவைசர் மணிக்கூட்டைப் பார்ப்பார். இவர் அதையும் பார்த்து, இதையும் பார்க்க வேண்டும்.

எங்களுடைய சனம் அடிக்கடி கோபிக்கிற விடயம் ஒன்று உண்டு. ‘டொக்ரர் எழுதித் தந்த படத்தை எடுக்கமாட்டேன் என்று சொல்ல இவை ஆர்?’ என்பார்கள். இந்த நாட்டின் 2017ஆம் ஆண்டுக் கதிர்ச் சட்டவிதிகளின்படி, படம் வேண்டும் என்று எழுதுபவர் ஒருவர், அது தேவைதானா என்று தீர்மானிப்பவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்று மூன்று பொறுப்புகள் உண்டு. தேவையில்லை என்று கண்டால் திருப்பி அனுப்புவது அவர்களுடைய கடமை. நெஞ்சு எக்ஸ்றே ஒன்றின் கதிர், நாங்கள் சும்மா இருந்தாலே மண்ணிலும் காற்றிலும் இருந்து சில நாட்களில் பெறுகிற அளவுதான். வயிற்றுக்கு எடுக்கும் சீ.ரீ. ஸ்கான் சில வருடங்களின் அளவு. ‘எல்லாத்தையும் ஒருக்கா எடுத்துப் பாக்கட்டும்’ என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் இந்தக் கணக்கு ஒன்றும் இருக்கவில்லை. 1895 கார்த்திகையில் ஜேர்மனியில் றொன்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். சில மாதங்களில் அது இலண்டன் வைத்தியசாலைகளுக்கும் வந்துவிட்டது. மெசின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த நாளில் தங்கள் கையையே அதற்கு முன்னால் நீட்டினார்கள். வைற்சப்பல் வைத்தியசாலையில் வேலை செய்த ஏர்ணஸ்ற் வில்சன் என்பவர், தன் கைகள் பழுதாகி வருவதைத் தானே படம்பிடித்து வைத்தார். 1911இல் இறந்துபோனார். ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரில் 1936இல் இப்படி இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் திறந்தார்கள். முதலில் பொறித்தவை 169 பெயர்கள். ஈஸ்ற்ஹாமில் இருந்து வைற்சப்பலுக்குப் படம் எடுக்கப் போகும் எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் தெரியாது. நூலகத்தில் இருந்து வாசித்தது.

நான் இருக்கும் ஹேய்சிலேயே இன்னொரு கதை இருக்கிறது. இங்கே ஈ.எம்.ஐ. கொம்பனி இசைத்தட்டு அடித்த பழைய பக்டரி இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். அதே கொம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஹேய்சில் வேலை செய்தவர்தான் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட். தோட்டக்காட்டில் வளர்ந்த விவசாயியின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். முதலாவது பரிசோதனையில் ஒரு படத்துக்கு 9 நாள் பிடித்ததாம். கசாப்புக் கடையில் மாட்டு மூளை வாங்கிவந்து வைத்துப் பார்த்திருக்கிறார். 1971 ஒக்ரோபர் முதலாம் திகதி விம்பிள்டனில் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், மூளையில் கட்டி என்று சந்தேகித்த ஒரு பெண்ணுக்கு உலகின் முதலாவது சீ.ரீ. ஸ்கான் எடுத்தார்கள். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் மேலே சொன்ன, தண்ணீர் பூச்சியம் என்ற அளவுக்கும் அவருடைய பெயர்தான். எம்.ஆர்.ஐ.க்காக 2003இல் நோபல் பெற்ற இருவரில் ஒருவரான பீற்றர் மான்ஸ்பீல்ட் இலண்டனில் பிறந்து, 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அச்சகத்தில் வேலைக்குப் போனவர். 1978இல் முழு உடம்புக்கான மெசினைச் செய்து, முதலில் தானே அதற்குள் போய்ப் படுத்தார். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுபோன எனக்கு இதை வாசிக்கச் சந்தோசமாகத்தான் இருந்தது.

சரி, எங்கள் விடயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்த குடும்பங்கள் படம் எடுக்கப் போகும்போது தடுமாறுகிற இடங்கள் சில. முதலாவது பெயர். எங்களுக்குத் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னுக்கும் ஓரிடத்தில் பின்னுக்கும் வரும். அண்ணன் தம்பி எல்லோருக்கும் அதே குடும்பப் பெயர். பாஸ்போட்டில் ஒரு பிறந்த திகதி, சாதகத்தில் இன்னொன்று. அதனால்தான் அவர்கள் ‘நீங்கள் இன்னாரா?’ என்று கேட்பதில்லை. ‘உங்கள் பெயர் என்ன, பிறந்த திகதி என்ன, விலாசம் என்ன’ என்று வாயால் சொல்லச் சொல்வார்கள். நான் இருந்த அன்று எங்கள் அம்மா ஒருவர், எந்தத் தமிழ்ப் பெயர் கூப்பிட்டாலும் எழும்பித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறந்த திகதி கேட்டபோதுதான் ஆள் மாறியது தெரிந்தது. ஜீ.பி.யில் எந்தப் பெயர், எந்தத் திகதி பதிந்தீர்களோ அதையே சொல்லுங்கள்.

இரண்டாவது, கர்ப்பமா என்ற கேள்வி. வயிறு, இடுப்புப் பகுதியில் எக்ஸ்றே, சீ.ரீ. என்றால் கட்டாயம் கேட்பார்கள். பல இடங்களில் 12 வயதுப் பிள்ளையிடமும் கேட்பார்கள். தகப்பன்மார் சண்டைக்குப் போகாதீர்கள். வெளியில் வந்து நில்லுங்கள். மாமனாரை மொழிபெயர்க்க வைத்து மருமகள் எப்படி உண்மை சொல்வாள்? பத்து வயது மகனை வைத்துத் தாய் என்ன சொல்வாள்? வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். கடிதம் வந்தவுடனேயே, அதில் உள்ள இலக்கத்துக்குப் போன் எடுத்து ‘தமிழ்’ என்று சொல்லி வையுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைப்பது நிச்சயமில்லை.

தாலிக்கொடி மூன்றாவது. பவுண் காந்தத்தில் இழுபடாது என்றாலும் கழற்றத்தான் சொல்வார்கள். மனம் ஒப்பாதவர்கள் வீட்டிலேயே கொடியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகலாம். என் மனைவி அப்படித்தான் செய்தாள்.

மூன்று கிழமையில் எனக்குக் கடிதம் வந்தது. எக்ஸ்றேயில் பீஸ் இரண்டும் தெளிவாகத் தெரிந்ததாம். முள்ளந்தண்டில் இருந்து விலகி, சதைக்குள்ளே. கதிரியக்க வைத்தியரும் அந்தப் பெண்மணியும் பார்த்துவிட்டு ஸ்கான் செய்யலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். இந்த முறை அவரே வந்து நின்றார். கையில் ஒரு றப்பர் பந்தைத் தந்து, முதுகில் சூடோ குத்தோ தெரிந்தால் உடனே அமத்தச் சொன்னார். உள்ளே சத்தம் பக்டரியைவிட மோசம். இருபது நிமிடமும் பந்தைப் பிடித்தபடி, பீஸ் அசைகிறதா அசைகிறதா என்று காத்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்தபோது, பீஸ் இருக்கும் இடமும் அளவும் குறித்த கடிதத்தின் பிரதி ஒன்றைத் தந்து, ‘அடுத்த தடவை எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டு’ என்றார். அதை நாலாக மடித்து, பேர்சில் மகளின் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.