பூத்தொடுக்கும் விரலிடையில்

வடக்கு அந்தமானின் திக்லிப்பூரில், 1980களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் ஒரு காய்ச்சல் தலைகாட்டியது. தண்ணீர் தேங்கிய வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் படுத்தார்கள்; சிலர் இருமலோடு ரத்தம் துப்பினார்கள்; உயிர்களும் போயின. காரணம் புரியாததால் அதை 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். போர்ட் பிளேரிலுள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் 1990களில் ஆளைப் பிடித்தது: லெப்டோஸ்பைரா, எலிக்காய்ச்சல் கிருமி.

முறுக்கிய நூலிழை போன்ற இக்கிருமி எலியின் சிறுநீரோடு சேற்றில் கலக்கிறது. காலில் ஒரு கீறல் போதும், ரத்தத்தில் ஏறிவிடும்.

பூக்காரம்மா பூத்தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை பூவை எடுத்து நீட்ட, மறு கை விரல்கள் நாரில் வைத்து முடிச்சிடும். கிருமிக்குள் ரைபோசோம் செய்வதும் அந்த வேலைதான். அமினோ அமிலப் பூக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் புரதச் சரம் கட்டுகிறது. டாக்சிசைக்ளின் மருந்தின் மூலக்கூறு, அடுத்த பூ வந்து அமர வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கூடை நிறையப் பூ இருந்தும் சரம் நீளாது.

இன்னொரு மருந்தான பென்சிலினோ, கட்டி முடித்த புரதத்தின் வேலையிலேயே கைவைக்கிறது. கிருமியின் சுவரைத் தைக்கும் நொதியும் ஒரு புரதம்தான்; அது ஓர் இழையின் நுனியைப் பிடித்து அடுத்ததோடு இணைக்க வேண்டும். பென்சிலின் அந்த நுனியின் சாயலில் இருக்கிறது. நொதி ஏமாந்து அதைப் பற்றுகிறது. பற்றியதை விட முடிவதில்லை. தையல் நின்ற சுவர் இற்றுப்போய்க் கிருமி உடைகிறது. நம் செல்களுக்கு அப்படியொரு சுவர் கிடையாது, அதனால் தப்பிக்கின்றன.

டாக்சிசைக்ளினை முன்கூட்டியே உண்டால் நோயைத் தடுக்க முடியுமா என்று வடக்கு அந்தமானில் 782 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. ஏறக்குறைய பாதிப்பேர் வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் உண்டார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. கிருமி தொற்றியதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நோயாக முற்றியது மருந்து உண்டவர்களில் 3.11 சதவீதம், மற்றவர்களில் 6.82 சதவீதம்.

டாக்சிசைக்ளின் பொதுவாகக் கிருமியைக் கொல்வதைவிட, பெருகவிடாமல் நிறுத்திவைக்கும் மருந்து. நம் உடலின் காவல் அணுக்கள் வந்துசேர அந்த அவகாசம் உதவுகிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு விரலிடையில் விழும் தடை, சேற்றில் நிற்கும் ஒருவரைப் படுக்கையில் விழாமல் காக்கிறது.