12 மாடியா, 14 மாடியா? கட்டடத்தின் வரலாற்றை லைப்ரரியில் தேடுவது எப்படி?

என் தங்கை பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற செமஸ்டரில் அவளுக்கு ஒரு அசைன்மென்ட். சென்னையில் ஏதேனும் ஒரு கட்டடத்தைத் தேர்வு செய்து அதன் வரலாற்றை எழுத வேண்டும். அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடத்தை எடுத்துக் கொண்டாள். ஒரே இரவில் இன்டர்நெட்டில் தேடி, காப்பி-பேஸ்ட் செய்து 20 பக்கம் தயார் செய்து விட்டாள்.

ஆசிரியர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். "ஓர் இடத்தில் 12 மாடி, இன்னோர் இடத்தில் 14 மாடி என்று எழுதியிருக்கிறாய். எது சரி? யார் சொன்னது?" பதில் இல்லை. திருத்தி எழுத ஒரு வாரம் அவகாசம் கிடைத்தது. "நீ கம்ப்யூட்டர்காரன்தானே அண்ணா, உதவி பண்ணு" என்று என்னிடம் வந்தாள்.

சர்ச் இன்ஜினில் தேடத் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வெப்சைட்டுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தன. யார், எப்போது சொன்னது என்பதை அறிய லைப்ரரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. லைப்ரரிக்கு வழி காட்ட வீட்டுக் கம்ப்யூட்டர் நன்றாகவே உதவியது. அந்த வழியை இங்கே தருகிறேன். எந்தக் கட்டடத்திற்கும் இது பொருந்தும்.

முதலில் பெயர்ப் பட்டியல்

தேடுவதற்கு முன் ஒரு தாளில் கட்டடத்தின் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். இதுதான் மிக முக்கியமான படி.

எல்.ஐ.சி. நிறுவனம் உருவானது 1956 செப்டம்பரில். ஆனால் இந்தக் கட்டடத்தைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைட்டட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்திற்காகத் தொடங்கினார். அவர் 1954-ல் விமான விபத்தில் இறந்தார். பிறகு ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனதும் கட்டடம் எல்.ஐ.சி.யிடம் வந்தது. எனவே 1956-க்கு முன் அச்சான எதிலும் "எல்.ஐ.சி. பில்டிங்" என்று தேடினால் எதுவும் கிடைக்காது. "யுனைட்டட் இந்தியா" என்று தேட வேண்டும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். 1996 வரை ஆங்கிலத்தில் "மெட்ராஸ்". அண்ணா சாலைக்குப் பழைய பெயர் "மவுண்ட் ரோடு". கட்டடக் கலைஞர்களின் பெயர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இதற்கு முதலில் வரைபடம் தந்தவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் ஆகிய இருவர். அவர்கள் விலகிய பின் எல்.எம். சித்தலே பொறுப்பேற்றார். கட்டடத்தின் பெயரில் கிடைக்காதது பல சமயம் கட்டடக் கலைஞரின் பெயரில் கிடைக்கும்.

ஓபேக் என்றால் என்ன?

லைப்ரரியில் என்னென்ன நூல்கள் உள்ளன என்பதைக் கம்ப்யூட்டரில் தேடும் வசதிக்கு ஓபேக் என்று பெயர். முன்பு மர அறைகளில் அடுக்கி வைத்த அட்டைகளின் வேலையை இது செய்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகம் 1896-ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. சர்ச் இன்ஜினில் நூலகத்தின் பெயரோடு "ஓபேக்" என்பதையும் ஆங்கிலத்தில் டைப் செய்தால் அதன் பக்கத்தை அடையலாம்.

ஓபேக்கில் தலைப்பு, ஆசிரியர், பொருள் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். உங்கள் கட்டடத்தின் பெயரில் தனி நூல் இருப்பது அபூர்வம். ஆகவே பொருள் என்ற கட்டத்தில் "மெட்ராஸ்", "ஆர்க்கிடெக்சர்" போன்ற பெரிய சொற்களைக் கொடுத்துத் தேடுங்கள். கிடைத்த நூலின் அழைப்பு எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். டூயி தசம முறையைப் பின்பற்றும் நூலகங்களில் கட்டடக் கலைக்கு 720, கட்டுமானத்திற்கு 690. அந்த அலமாரிக்குப் போய் அக்கம் பக்கத்து நூல்களையும் எடுத்து, கடைசியில் உள்ள பொருளடைவில் உங்கள் பெயர்ப் பட்டியலைத் தேடுங்கள். நூல் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் வேர்ல்ட்கேட் என்ற தளத்தில் தேடலாம். உலகெங்கும் உள்ள பல நூலகங்களின் இருப்பை அது ஒரே இடத்தில் காட்டும்.

இதழ்களும் செய்தித்தாள்களும்

கட்டடம் திறந்தபோது வந்த செய்திதான் பிற்காலக் கட்டுரையைவிடக் கட்டடத்திற்கு நெருக்கமானது. எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது 1959 ஆகஸ்ட்டில். அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களின் செய்தித்தாள்களைக் கேளுங்கள். 1975-ல் இங்கே பெரிய தீ விபத்து நடந்தது. அந்த ஆண்டுச் செய்திகளிலும் கட்டடத்தின் விவரங்களைத் தேடலாம்.

1946-ல் தொடங்கிய மார்க் இதழ், இந்தியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் இதழ் ஆகியவற்றின் பழைய தொகுதிகளையும் பாருங்கள். எந்த இதழில் எந்தக் கட்டடம் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று காட்டும் அட்டவணைகளும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி இண்டெக்ஸ் அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் அதற்குக் கல்லூரிச் சந்தா தேவை. லண்டனில் உள்ள ரிபா நூலகத்தின் கேட்டலாக்கை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம்.

அரசு ஆணைகள் வேண்டும் என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கல்லூரியின் அறிமுகக் கடிதத்துடன் செல்வது நல்லது. கட்டட வரைபடங்கள் பெரும்பாலும் உரிமையாளரிடமோ, வரைந்த நிறுவனத்திடமோதான் இருக்கும். யாரிடம் கேட்பது என்ற துப்பு லைப்ரரியில் கிடைக்கும்.

எக்செல்லில் ஒரு அட்டவணை

கிடைத்ததை எல்லாம் ஒரு அட்டவணையில் போடுங்கள். ஐந்து பத்திகள் போதும்: விவரம், சொல்லப்பட்டது, நூல் அல்லது இதழ், பக்கம், வெளியான ஆண்டு. பிறகு "ஆண்டு" பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒரு தகவல் முதலில் எங்கே வந்தது, எந்த ஆண்டில் மாறியது, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். புரோகிராமில் தவறு எந்த வெர்ஷனில் நுழைந்தது என்று நாங்கள் தேடுவதும் இப்படித்தான்.

பக்கங்களை மொபைலில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். எடுக்கும்போது நூலின் தலைப்புப் பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்து எது எந்த நூல் என்றே தெரியாது.

மாடிக் கணக்கு என்ன ஆயிற்று?

முதலில் திட்டமிட்டது 18 மாடி. கட்டி முடித்துத் திறந்தபோது 12 மாடி. உயரம் 177 அடி. "14 மாடிக் கட்டடம்" என்பது சென்னை மக்களின் பேச்சில் நிலைத்துவிட்ட பெயர். பேச்சில் வழங்கும் பெயரைத்தான் தங்கை கணக்காக எடுத்துக் கொண்டிருந்தாள். மாடியை எண்ணும்போது தரைத்தளத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. பின்னாளில் சேர்த்த தளங்களும் கணக்கில் வந்துவிடலாம். ஆகவே எண்ணோடு, அது எந்த ஆண்டுக் கணக்கு, யார் சொன்னது என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது முறை அவள் கொடுத்தது 9 பக்கம்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அது எங்கே கிடைத்தது என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் இந்த முறை முதல் பக்கத்தில் நிறுத்தவில்லை. கடைசி வரை படித்தார்.

நீங்களும் உங்கள் தெருவில் உள்ள பழைய கட்டடம் ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள். முதல் வேலை, அதன் பழைய பெயரை விசாரிப்பது. அதற்குக் கம்ப்யூட்டரைவிட அந்தத் தெருவின் முதியவர் ஒருவரே நல்ல ஆரம்பம்.