வாழைத்தாரும் பழனி ரோப் காரும்

தாமிரபர்ணிக் கரையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வருஷந்தோறும் அநேகர். அவ்வளவு தூரம் நடந்தவர்களிலும் சிலர், அடிவாரத்தில் நின்று அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகளை அண்ணாந்து பார்த்ததும் 'ரோப் கார்' வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். குற்றம் சொல்வதற்கில்லை, மூன்றே நிமிஷத்தில் உச்சி! இப்படிக் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலையேறும் ஆசனத்துக்கு மூதாதை ஒரு வாழைத்தார்க் கொக்கி என்றால் நேயர்கள் நம்புவார்களா?

1936-ஆம் வருஷம் அமெரிக்காவில் யூனியன் பசிபிக் ரயில்வேக்காரர்கள், ஐடாஹோ மாகாணத்துச் சன் வாலியில் பனிச்சறுக்கு விளையாட்டுக்கென்று ஒரு விடுதி அமைத்தார்கள். சறுக்கி இறங்குவது இன்பந்தான். மறுபடி ஏறுவதல்லவா பிராண சங்கடம்! கம்பெனி இஞ்சினீயர் ஜேம்ஸ் கர்ரன், ஹொண்டுராஸில் கப்பலுக்கு வாழைத்தார் ஏற்றும் யந்திரத்தை அறிந்தவர். சுற்றி ஓடும் வடம், அதில் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு தார். கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. மேலதிகாரிகள் அபாயம் என்று தள்ளிவிட்டார்கள். மனுஷர் சளைக்கவில்லை. மற்றப் படங்களின் நடுவே தம் படத்தையும் சொருகி வைத்தார். அது சறுக்கு நிபுணர் சார்லி ப்ராக்டரின் கண்ணில் பட்டது.

பிறகு நடந்த பரீட்சைதான் வெகு ரஸமானது. ஒமாஹாவில் அப்போது கோடை. பனிக்கு எங்கே போவது? லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைத் தொங்கவிட்டு, எண்ணெய் தோய்ந்த வைக்கோலின்மேல் ஆளை நிறுத்திப் பார்த்தார்கள். அப்புறம் சக்கரம் வைத்த பாதரட்சையுடன் சிமெண்டுத் தரையில் நிறுத்தினார்கள். ஓடிவரும் நாற்காலியில் ஒருவன் அடிபடாமல் உட்கார, மணிக்கு 4, 5 மைல் வேகமே தகும் என்று கண்டார்கள். அந்த டிசம்பரிலேயே நாற்காலிகள் மலையேறின.

அதிகாரிகளின் அச்சம் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். தார் விழுந்தால் காசு நஷ்டம், மனிதன் விழுந்தால்? 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டிலுள்ள தேவ்கர் அருகே திரிகூட மலையில் ரோப்வே பழுதாகி, ஜனங்கள் இரவெல்லாம் அந்தரத்தில் தவித்தார்கள். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தும் மூவர் மாண்டனர். பழனியில் 2004-இல் தொடங்கிய ரோப் காரும் 2007-இல் நால்வர் உயிரைக் கொண்டது. 2010-இல்தான் மீண்டும் ஓடிற்று.

ஆகவேதான் அங்கே தினந்தோறும் பிற்பகலில் ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்வையிடுகிறார்கள். வருஷத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் மூடிப் பழுது பார்த்து, ஆளுக்குப் பதில் எடையை ஏற்றி வெள்ளோட்டம் விடுகிறார்கள். காற்று பலத்தால் உடனே நிறுத்தம். "இத்தனை தூரம் வந்த சமயத்திலா?" என்று முணுமுணுக்கிறவர்களுக்கு விஞ்ச் இருக்கிறது; படியும் இருக்கிறது.