உங்களுக்குத் தெரியுமா? உண்ணி சுவரேறும்!

போகிக்கு ஒட்டடை அடித்த கை ஓய்வதற்குள் பங்குனி வெயில் வந்துவிடுகிறது. நாய் வளர்க்கும் வீட்டில் சித்திரைக்கு முன்னால் இன்னொரு துப்புரவு பாக்கி. துடைப்பத்தை எடுக்கும் முன் ஒரு நிமிடம் தரையில் உட்கார்ந்து, நாயின் கண் உயரத்தில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தரையில் கிடப்பதெல்லாம் அதன் பாதத்தில் ஒட்டி, கடைசியில் நாக்குக்குத்தான் போகிறது.

★ உண்ணி நாயின் உடம்பிலேயே குடியிருப்பதில்லை. வயிறு நிறைய ரத்தம் குடித்ததும் உதிர்ந்து, சுவரேறி, விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, முட்டை முதல் முதுமை வரை வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கக்கூடியது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் பாதி வேலைதான் முடிந்தது. நாய் படுக்கும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் பூசி அடைத்துவிடுங்கள்.

★ உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவவும் கூடாது. தோலை ஒட்டினாற்போல் இடுக்கியால் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் தொற்றினால் நாய் சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கும்.

★ தெள்ளுப்பூச்சி ஒன்று கண்ணில் பட்டால், படாதவை ஏராளம். தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் திரிவது சுமார் 5 சதவீதம்தான். மிச்சம் 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மிதியடியிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும். நாயின் விரிப்பை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

★ நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின், பூனையின் உயிருக்கே ஆபத்து. வீட்டில் இரண்டும் இருந்தால், வாங்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

★ பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தரையில் நடக்கும் நாய், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். தரை நன்றாகக் காயும்வரை அதை வெளியே கட்டிவையுங்கள். பீரோவை ஒழிக்கும்போது உருண்டோடும் பாச்சை உருண்டை, நாயின் கண்ணுக்கு விளையாட்டுப் பந்து, விழுங்கினால் விஷம்.

★ மொட்டை மாடியில் காயும் வெங்காய வடகத்துக்குக் காக்கையை மட்டும் விரட்டினால் போதாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்தக் குணம் போகாது. மாம்பழச் சதை கொஞ்சம் தின்றால் தொல்லையில்லை. ஆனால் கொட்டையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போகும்.

★ நம் தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. நம் ஷாம்புவை அடிக்கடி போட்டால் அதன் தோல் வறண்டு அரிக்கும்.

★ வெயிலுக்கு இதமாக இருக்குமென்று லாப்ரடாருக்கும் ஹஸ்கிக்கும் மொட்டை போடாதீர்கள். இரண்டடுக்கு ரோமம் வெப்பத்தையும் தடுக்கும். உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுத்தாலே காற்றோட்டம் கிடைக்கும்.

★ 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாயினங்களில் நம் ராஜபாளையமும் ஒன்று. வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அழகு. அதனாலேயே உச்சிவெயில் அதன் தோலைச் சுட்டுவிடும். நாட்டு நாய்தானே என்று வெயிலில் கட்டாதீர்கள்.

★ நமக்குக் காய்ச்சல் என்று மாத்திரை தேடவைக்கும் 101 டிகிரி ஃபாரன்ஹீட், நாய்க்கு இயல்பான சூடு. பாதத்தில் மட்டும்தான் அதற்குக் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். மூக்கு சப்பையான பக் இனத்துக்கு அதுவும் சிரமம்.

★ நடைக்குக் கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

★ வெயிலில் மயங்கிய நாயைக் குளிர்விக்கக் குழாயைத் திறக்கிறீர்களா? மாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கொதிக்கும். முதலில் உங்கள் கையை நனைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் படுக்கவைத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

★ தண்ணீர்க் கிண்ணத்தின் உட்புறம் விரலால் தடவினால் வழுக்குகிறதா? அது கிருமிப் படலம். அங்கே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரை மாற்றினால் போதாது, விளிம்புவரை தேய்த்துக் கழுவுங்கள். வாசலில் தெருநாய்க்கு வைக்கும் கிண்ணத்துக்கும் இதே விதிதான்.

★ கடைசியாக மேசை இழுப்பறை. மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் நாயின் தடுப்பூசி அட்டை கிடக்கும். வெறிநோய்க்கு 1885-இல் லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டார். ஆனால் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற இன்றும் வழியில்லை என்றே சொல்லலாம். அட்டையைப் பிரித்து அடுத்த ஊசித் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் துடைப்பத்தைக் கீழே வையுங்கள். மிச்சத் துப்புரவு நாளைக்கு ஆகட்டும்.