அப்பாவின் ஹெரால்டு காருக்கு அலாய் வீல்!
4 நட்டு சொன்ன கதை

பிள்ளைப்பாக்கம் சிப்காட் சாலையோரம் ஒரு மெக்கானிக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலை. நைட் ஷிப்டு முடிந்த பையன்கள் பத்துப் பேர் டீ கிளாசும் கையுமாக வளைத்து நிற்கிறார்கள். நடுவில் ஒரு பழைய கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெயரே புதிது. அம்பாசிடரும் பியட்டும் ஓடிய ரோட்டில் மூன்றாவதாக ஓடிய கார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்ததல்ல. நம்ம வண்டலூர் தயாரிப்பு. 1961-ல் வந்தது. போனட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முகம் மொத்தமும் முன்னால் கவிழும். 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். தயாரித்த கம்பெனி 1980-களின் கடைசியில் மூடிப் போனாலும், வண்டிகள் சில வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன.

இது ஒரு சூப்பர்வைசரின் அப்பா ஓட்டிய கார். அப்பா காலமாகி ஆறு வருஷம். அடுத்த மாதம் தங்கைக்குக் காஞ்சிபுரத்தில் கல்யாணம். பொண்ணு இந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்பது வீட்டார் ஆசை.

"சும்மா போனா எப்படி? கெத்தா போவணும்ணே!" என்று அண்ணன்காரர் அலாய் வீல் நாலு வாங்கி வந்துவிட்டார். பழைய சாண்ட்ரோவில் கழற்றியது, கூடவே அகல டயர். சாண்ட்ரோ யார்? பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் பிறந்த கார். ஊர்க்காரன்தானே, ஒத்துப் போவான் என்று நினைத்திருக்கிறார்!

"எண்ணினா போதுமா? அளக்க வேணாமா?"

"அதுவும் 13 இஞ்ச், இதுவும் 13 இஞ்ச். அதுக்கும் 4 ஓட்டை, இதுக்கும் 4 ஓட்டை. அப்புறம் என்னண்ணே?"

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. வெர்னியரை எடுத்தார்.

"ஓட்டையை எண்ணினா போதுமா தம்பி? எதிரெதிர் ஓட்டைக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு பாக்க வேணாமா? சாண்ட்ரோவுக்கு 100 மில்லிமீட்டர். ஹெரால்டுக்கு மூணே முக்கால் இஞ்ச், அதாவது 95.25. கிட்டத்தட்ட 5 மில்லி இடிக்குது."

5 மில்லி என்ன பெரிய மலையா என்று நாமும்தான் நினைத்தோம். அங்கேதான் ஆபத்து. கொஞ்சம் தட்டி, கொஞ்சம் நெம்பி முடுக்கினால் ஏறினாற்போலத்தான் இருக்கும். நட்டின் கூம்பு முனை ஓட்டையில் சரியாக உட்காராது. ஸ்டட் சாய்வாக இழுபடும். வீல் நடுவை விட்டு நகர்ந்து உதறும். உதற உதற நட்டு தளரும். ஸ்டட் களைத்து ஒருநாள் துண்டாகும். அது வீட்டு வாசலிலும் நடக்கலாம், காஞ்சிபுரம் ரோட்டில் லாரிக்கு முன்னாலும் நடக்கலாம்.

மரையும் வேறு. ஹெரால்டு ஸ்டட் 3/8 இஞ்ச். புதுக் கார்களுடையது மில்லிமீட்டர் கணக்கு. வீலும் உள்பக்கம் ஒதுங்கி நிற்கும். ஸ்டியரிங் உறுப்புகளில் உரச இடமுண்டு. நடுவில் பிளேட்டு வைத்து வெளியே தள்ளலாம் என்றார் ஒரு பையன். தள்ளலாம். அந்தப் பாரத்தை அறுபது வருஷத்துக் கணக்கில் போட்ட சின்ன பேரிங் அல்லவா சுமக்க வேண்டும்?

வளைவில் ஒரு வம்பு

ஹெரால்டுக்குப் பின்பக்கம் ஒரு குணம் உண்டு. அச்சு ஒரே தண்டாக இல்லாமல் இரண்டு பக்கமும் தனித்தனியே ஊசலாடும். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி இது. 1972-ல் வந்த 'கெசல்' மாடலில் இந்த அமைப்பையே மாற்றி ஒரே அச்சாக்கி விட்டார்கள். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் அகல டயரை இதில் போட்டால் மடங்கும் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். அசல் 5.20-13 டயர் சுமார் 58 செ.மீ. உயரம். இவர் கொண்டு வந்த 165/60 ஆர் 13 டயர் 53 செ.மீ.தான். முள் 60 காட்டும்போது வண்டி 55-ல் போகும். வண்டியின் அடிவயிறும் இரண்டரை செ.மீ. தாழும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்களைச் சொல்ல வேண்டியதில்லை!

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அசல் உருவம் கெடாமல் இருந்தால்தான் அந்த மரியாதை.

பரணில் கிடந்தது

"அப்ப என்னதான்ணே பண்றது?" என்றார் தம்பி. முகம் சுருங்கி விட்டது.

"உங்க அப்பா போட்டிருந்த ரிம்மு எங்க?"

வீட்டுப் பரணில் இருந்தது. ஐந்தும் துருவோடு வந்தன. ஒன்றில் விரிசல், அதைத் தூக்கி எறிந்தார் மெக்கானிக். "வெல்டிங் வெச்சு ஓட்டலாம்னு எவனாவது சொன்னா நம்பாத." மற்ற நாலையும் மணல் அடித்து வெள்ளிப் பெயிண்ட் பூசியாயிற்று.

டயர்? சுற்றி ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் டயர் தொழிற்சாலைகள். ஆனால் கடையில் போய் 5.20-13 கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். மூன்றரை இஞ்ச் குறுகல் ரிம்முக்கு 145/80 ஆர் 13 ரேடியல் பொருந்தும். வேகன்-ஆர் காருக்குப் போட்ட அளவு, சுலபமாகக் கிடைக்கும். உயரம் 56 செ.மீ. பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லை. ஆகவே உள்ளே ரேடியல் டியூப் போட்டார்கள். நாலும் ஒரே ஜாதி. முன்னால் ரேடியல், பின்னால் பழைய நைலான் என்று கலந்தால் வண்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணையும் பார்த்து வாங்கச் சொன்னார் மெக்கானிக். 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. கல்யாணக் காரும் காட்சிக் காரும் அதிகம் ஓடாது. பட்டன் தேயாமலே டயர் கிழடாகி வெடிக்கும்.

நட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்கினார். வட்டக் கப்பைத் துடைத்து மாட்டினார். தம்பி ஸ்டார்ட் செய்து சாலையில் ஒரு சுற்று வந்தார். டீ கிளாஸ் கூட்டம் கைதட்டியது.

"அலாய் வீலை என்னண்ணே பண்ண?"

"சாண்ட்ரோ வெச்சிருக்கவன் எவனுக்காவது குடு. கல்யாணத்துக்கு முன்னாடி 80 கிலோமீட்டர் ஓட்டிட்டு வா தம்பி. நட்டை இன்னொரு தடவை முடுக்கணும்."