ஒதுக்கி வைத்த குதிரைகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் புல்ஹெட் சிட்டி என்றொரு ஊர். அங்கிருந்து 68ஆம் எண் மாநில நெடுஞ்சாலை யூனியன் பாஸ் கணவாயை நோக்கிப் பதினோரு மைலுக்கும் மேல் ஏறிக்கொண்டே போகிறது. வாகனத் துறையில் இதற்கு டேவிஸ் டாம் ஏற்றம் என்று பெயர். எங்கள் பிக்கப் டிரக் இவ்வளவு எடையை இழுக்கும் என்று எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே2807 விதிப்படி ஒரு கம்பெனி சொல்ல வேண்டுமானால், அந்த எடையைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்த ஏற்றத்தில் தேற வேண்டும். வெளியே 38 டிகிரி செல்சியஸாவது வெயில் இருக்க வேண்டும். ஏசி முழுவதுமாக ஓட வேண்டும். வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு மட்டும் 35 வரை சலுகை உண்டு.

இந்தச் சோதனையைத் தாங்கும்படி அமைத்த இன்ஜினை வாங்கிய பலர், அதில் பால் பாக்கெட் வாங்கப் போய்வருகிறார்கள். பின்னால் டிரெய்லர் இல்லை, ஏற்றம் இல்லை, வெயிலும் பாதி நாள் இல்லை. கம்பெனி ஒதுக்கி வைத்த பலம் அப்படியே கிடக்கிறது. அதில் கொஞ்சத்தை எடுத்துப் பயன்படுத்துவதுதான் 'கஸ்டம் டியூனிங்'. எவ்வளவு எடுத்தோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு 'டேட்டா லாகிங்' என்று பெயர். முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். இன்ஜின் பிழைத்துக் கிடப்பது இரண்டாவதால்தான்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்பது நல்லது. ஃபோர்டு எஃப்-150, 2011ஆம் ஆண்டு மாடல். எஃப் வரிசை பிக்கப்புகள் 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக்குகள். அதுவரை பெரிய வி-8 இன்ஜினுக்குப் பழகியிருந்த வாடிக்கையாளர்களிடம் அந்த ஆண்டு ஃபோர்டு 3.5 லிட்டர் வி-6 இன்ஜினை நீட்டியது. பெயர் ஈகோபூஸ்ட். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இரண்டு டர்போ, சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், 365 குதிரைத்திறன். டர்போ இன்ஜினில் எவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும் என்பதை மென்பொருளே முடிவு செய்வதால், டியூனர்களுக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. டர்போ இல்லாத இன்ஜினில் எண்களை மாற்றினால் சில குதிரைகள் கூடும். டர்போ இன்ஜினில் பல பத்து கூடும்.

வண்டியின் கணினிப் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் அட்டவணைகள். ஒரு பக்கம் இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்), இன்னொரு பக்கம் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். எத்தனை டிகிரிக்கு முன்னால் ஸ்பார்க் விட வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை, டர்போ எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு இன்னொன்று, ஆக்சிலரேட்டரை இவ்வளவு மிதித்தால் ஓட்டுநர் எவ்வளவு இழுவிசை கேட்கிறார் என்று பொருள்கொள்வதற்கு வேறொன்று. இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். 1980களில் ஃபோர்டின் கணினிப் பெட்டியில் ஒரு சொருகுமுனை இருந்தது. வேறு எண்களை எழுதிய சிப்பை அதில் செருகி ஏமாற்றுவார்கள். அந்தச் சிப்பில் எழுதியதை அழிக்க, அதன் கண்ணாடிச் சாளரத்தின் வழியாகப் புற ஊதா ஒளி காட்ட வேண்டும். 1996 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங்கின் கீழே ஓபிடி-2 என்ற 16 முனைச் சொருகி கட்டாயமானது. மாசுக் கட்டுப்பாட்டுக்காக வந்த ஏற்பாடு அது. இன்று டியூனர் உள்ளே நுழைவதும் அந்த வழியாகத்தான்.

கம்பெனி எதற்காக இவ்வளவு ஒதுக்கி வைக்கிறது? பெரிய காரணம் பெட்ரோல். அமெரிக்க பங்க்குகளில் 87, 91, 93 என்று ஆக்டேன் எண் போட்டிருக்கும்; எண் கூடக் கூட, பெட்ரோல் தானே வெடிக்காமல் அதிக அழுத்தம் தாங்கும். நம் ஊர்க் கணக்கு வேறு; அங்கே 87 என்றால் இங்கே ஏறக்குறைய 91. டெக்சாஸில் 93 கிடைக்கும். கலிஃபோர்னியாவில் பங்க்கில் உச்சம் 91தான். டென்வர் போன்ற உயரமான ஊர்களில் சாதாரணப் பெட்ரோலே 85. உயரத்தில் காற்று மெலிவு, அதனால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, எனவே மட்டமான பெட்ரோல் போதும் என்பது கார்புரேட்டர் காலத்து நியாயம். டர்போ அந்த நியாயத்தை உடைத்துவிட்டது. மெலிந்த காற்றையும் அது அழுத்தி நிரப்பிவிடும். சிலிண்டருக்கு மலை மேல் இருப்பதே தெரியாது. 85 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி, டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ராக்கி மலையேறும் ஒருவரையும் மனத்தில் வைத்துத்தான் கம்பெனிப் பொறியாளர் எண்களை எழுதுகிறார். டியூனருக்கு அந்தக் கவலை இல்லை. வாடிக்கையாளர் 93 மட்டுமே போடுவேன் என்கிறார். அதை நம்பி அவர் எழுதுகிறார். என்னைக் கேட்டால், டியூனிங்கில் பலவீனமான இடம் இந்த வாக்குறுதிதான்.

ஆக்டேன் போதாதபோது நடப்பதுதான் நாக்கிங். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே ஸ்பார்க் பறக்கிறது. நெருப்பு பரவ நேரம் எடுக்கும். அழுத்தம் உச்சத்துக்கு வரும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் தண்டின் சுழற்சிக் கணக்கில் 12 முதல் 15 டிகிரி வரை இறங்கியிருந்தால் தள்ளல் முழுமையாகக் கிடைக்கும். அந்த இலக்கை நோக்கி ஸ்பார்க்கை முன்னால் தள்ளத் தள்ள பலம் கூடும். ஆனால் நெருப்பு போய்ச் சேரும் முன்பே மூலையில் மிஞ்சிய கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே வெடித்துவிட்டால், அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதும். பித்தளைக் குடத்தைத் தட்டினால் சின்னக் குடம் கீச்சென்றும் பெரிய குடம் கனமாகவும் ஒலிக்குமே, சிலிண்டரும் அப்படித்தான். அகலத்துக்கு ஏற்ற சுருதி. ஈகோபூஸ்டின் சிலிண்டர் விட்டம் 92.5 மில்லிமீட்டர், அது விநாடிக்கு 6,000 அதிர்வுகளுக்குச் சற்று மேலே ஒலிக்கும். இன்ஜின் உடலில் திருகி வைத்திருக்கும் நாக் சென்சார், ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் நொடித்துணுக்கில் அந்தச் சுருதியைத் தேடிக் கேட்கிறது. கேட்டதும் கணினி அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கிறது. 5,000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது விநாடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. பேரம் நடப்பது இந்த அளவில்தான்.

வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். டியூனரும் டிரக்கும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கையடக்கக் கருவியைச் சொருகி, அந்த அட்டவணைகள் அடங்கிய கம்பெனிக் கோப்பைப் பிரதி எடுத்து அனுப்புகிறார். ஒழுங்கான டியூனர் உடனே புதுக் கோப்பு அனுப்ப மாட்டார். முதலில் கம்பெனிக் கோப்பிலேயே ஓட்டி எடுத்த ஒரு பதிவு (டேட்டா லாக்) கேட்பார். ஏற்கெனவே நோயுள்ள இன்ஜினுக்கு அழுத்தம் கூட்டினால் பழி யார் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும். பிறகு திருத்திய கோப்பு வரும். அதை ஏற்றி மறுபடி ஒரு பதிவு, அதைப் பார்த்து மறுபடி ஒரு திருத்தம். வெறிச்சோடிய நேரான சாலையில், கியரை நிலையாக வைத்து, 2,500 ஆர்பிஎம்மில் தொடங்கி முழு மிதியில் சிவப்புக் கோடுவரை போக வேண்டும். சில விநாடிகளில் முடிந்துவிடும்.

திரும்பி வருவது எண்கள் நிறைந்த ஒரு விரிதாள். ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொள்வோம். 3,000 ஆர்பிஎம்: கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) 16.5 பிஎஸ்ஐ, கிடைத்தது 16. சரி. லாம்டா 0.84. பெட்ரோலும் காற்றும் ஒன்றுக்கொன்று மிச்சமில்லாமல் எரியும் விகிதத்தை 1 என்று கொள்ளும் கணக்கு லாம்டா. கலப்பில்லாத பெட்ரோலுக்கு அது 14.7 பங்கு காற்று, பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறத்தாழ 14.1, எதுவானாலும் லாம்டாவில் 1தான். 0.84 என்றால் வேண்டுமென்றே பெட்ரோலை அதிகமாக விட்டிருக்கிறார்கள். அது ஆவியாகும்போது சிலிண்டர் குளிரும். இதுவும் சரி.

3,400 ஆர்பிஎம்மில் நான்காம் சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் 2 டிகிரி பின்வாங்கியிருக்கிறது. மற்ற ஐந்தும் அமைதி. இங்கே அவசரப்பட்டால் கெட்டது. நாக் சென்சாருக்கு நாக்கிங் தெரியாது, ஒலிதான் தெரியும். டிரக்கின் அடியில் கல் படாமல் காக்கும் தகடு தளர்ந்து ஆடினாலும், சைலன்சர் குழாய் சட்டத்தில் உரசினாலும் அது அதையும் கேட்கும். எந்தப் பெட்ரோல் போட்டாலும், ஸ்பார்க்கை எவ்வளவு பின்னால் தள்ளினாலும், அதே ஆர்பிஎம்மில் அதே சத்தம் வந்தால் அது பொய்ச் சத்தம். ஒரு போல்டை முடுக்கினால் போய்விடும். ஸ்பார்க்கைப் பின்னால் தள்ளியதும் அடங்கினால் அது மெய்.

4,800 ஆர்பிஎம்மில் வேறொரு சேதி. பெட்ரோல் குழாயில் கேட்ட அழுத்தம் 2,150 பிஎஸ்ஐ. இருப்பதோ 1,850, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டியவருக்கு இது தெரிந்திருக்காது; அவருக்கு வண்டி பறந்தது போலத்தான் இருந்திருக்கும். இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவதால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு: 5,000 ஆர்பிஎம்மில் காற்று உள்ளே வரும் அரைச் சுற்று வெறும் 6 மில்லி விநாடி. அதற்குள் வேண்டியதைக் கொட்ட அழுத்தம் வேண்டும், பம்ப் திணறுகிறது. அடுத்த திருத்தத்தில் டியூனர் மேல் வேகத்தில் பூஸ்டைக் குறைப்பார். கோப்பை மட்டும் மாற்றுகிறவருக்கு வேறு வழி கிடையாது. 2017 மாடலில் ஃபோர்டே சிலிண்டருக்கு வெளியிலும் ஒரு வரிசை இன்ஜெக்டர்களைச் சேர்த்துவிட்டது.

விரிதாளின் கடைசி நெடுவரிசையில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை: தொடக்கத்தில் 41 டிகிரி செல்சியஸ், முடிவில் 58. ஒரு முறை ஓட்டியதற்கு இது பரவாயில்லை. இதே கோப்போடு டிரெய்லரைக் கட்டி இருபது நிமிடம் மலையேறினால் என்ன ஆகும் என்று இந்தப் பதிவு சொல்லாது. அதனால்தான் நல்ல டியூனர்கள் இழுவைக்கென்று தனிக் கோப்பு தருவார்கள், அதற்கும் சுமையோடு எடுத்த பதிவு கேட்பார்கள். குதிரைத்திறன் எண்ணை மட்டும் விற்பவர்கள் கேட்பதில்லை.

பதிவு எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். ஆசைப்பட்டு அறுபது அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க நேரமாகி, ஒரே அளவின் இரண்டு வாசிப்புகளுக்கு இடையே இன்ஜின் பல சுற்று சுற்றிவிடும். நாக்கிங் வந்து போனது அந்த இடைவெளியில் விழுந்துவிடும். புதுக் கோப்பை ஏற்றிய கையோடு எடுத்த பதிவும் உதவாது. ஈகோபூஸ்ட் தன் தொட்டியில் உள்ள பெட்ரோலின் தரத்தை ஓட ஓடக் கற்றுக்கொண்டு, நல்லதென்றால் −1, மோசமென்றால் +1 என்று ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. கோப்பு மாறியதும் அந்தக் கல்வி அழிந்துவிடும். கொஞ்சம் ஓட்டி, அது மறுபடி −1-க்கு வந்த பிறகு எடுத்த பதிவுதான் பேசும்.

கியர்பாக்ஸையும் மறக்கக் கூடாது. இன்ஜின் இவ்வளவு இழுவிசை தருகிறது என்று கணினி சொல்வதை நம்பித்தான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தன் கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிக்கிறது. பலத்தைக் கூட்டிவிட்டு அந்தக் கணக்கைத் திருத்தாமல் விட்டால், பிடி போதாமல் கிளட்ச் வழுக்கித் தேயும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செயலிழக்கச் செய்யும் எந்த மாற்றமும் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். பெட்ரோல் டிரக்கில் ஸ்பார்க்கையும் பூஸ்டையும் தொடுகிறவர்களைவிட, டீசல் பிக்கப்புகளில் புகை வடிகட்டியையே கழற்றிவிட்டு, அது இல்லாததைக் கணினி கண்டுகொள்ளாதபடி எழுதித் தருகிறவர்கள் மேல்தான் அரசின் கோபம் அதிகமாகத் திரும்பியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இப்படிக் கழற்றப்பட்டிருக்கின்றன. இதை டியூனிங் என்று சொல்வதே இந்தத் தொழிலுக்கு அவமானம் என்று நினைக்கிறேன்.

கலிஃபோர்னியா ஒரு படி மேலே போனது. 2021 ஜூலை 19 முதல் அங்கே புகைச் சோதனை நிலையங்கள் வண்டியின் மென்பொருளையும் சரிபார்க்கின்றன. கம்பெனி எழுதியதாகவோ மாநில வாரியம் ஒப்புக்கொண்டதாகவோ இல்லையென்றால் சோதனையில் தோல்வி. முந்தின நாள் ராத்திரி பழைய கோப்பை ஏற்றிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஏற்றலாம். ஆனால் கோப்பு மாறியதும் வண்டி தன்னைத்தானே பரிசோதித்து வைத்திருந்த முடிவுகளும் அழிந்துவிடுகின்றன. கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றையும் அது மறுபடி சோதித்து முடிக்க, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டியாக வேண்டும். அதுவரை நிலையத்தின் கருவியில் 'தயார் இல்லை' என்றே வரும், சான்றிதழ் கிடைக்காது.