ரசீது இல்லாத சமையலறை

ஆடி பிறந்தால் அரக்கோணம் பக்கத்துத் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கேவுரு மாவும் அரிசி நொய்யும் சேர்ந்த கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ. மற்ற நாளில் களி, வேர்க்கடலைச் சட்னி, ஆந்திர வாடை அடிக்கும் காரக் குழம்பு. இந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், “அந்தக் காலத்துல கலப்படம்னா என்னன்னே தெரியாது” என்று யாராவது தொடங்கிவிடுவார்.

தெரிந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1918ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கலப்படமே இல்லாத ஊருக்கு அந்தச் சட்டம் எதற்கு? பிறகு 1954இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் இப்போது இருப்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாட்டி காலத்தில் நிஜமாகவே வேறாக இருந்தது ஒன்று உண்டு: பொருள் நம் அடுப்புக்கு வந்து சேரும் முன் அதைத் தொட்ட கைகள் குறைவு. மிளகாயை முழுசாக வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மிஷினில் கூடவே நின்று அரைத்து வந்தார்கள். இன்று தூளாகவே வாங்குகிறோம், அதுவும் பெயரில்லாத பொட்டலத்தில். “நாங்க ஹோட்டல்ல சாப்பிடறதே இல்ல, வீட்டுச் சாப்பாடுதான்” என்ற நிம்மதிக்கு இங்கேதான் ஓட்டை விழுகிறது.

முதலில் எண்ணெய். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டின்னிலிருந்து ஊற்றித் தரும் வழக்கம் இன்னும் போகவில்லை. சில்லறையாக ஊற்றி விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. சமையல் எண்ணெயை அடைத்து, முத்திரையிட்டு, விவரச் சீட்டோடுதான் விற்க வேண்டும். இந்தக் கெடுபிடியின் பின்னால் சாவுகள் இருக்கின்றன. 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம் ஊர்த் தரிசில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்குமே, அதே செடிதான். விதை பார்ப்பதற்குக் கடுகு போலவே இருக்கும். அதே ஆண்டில்தான் எண்ணெயை அடைத்து விற்பதற்கான மத்திய அரசின் ஆணை வந்தது.

நம் பக்கம் கடுகு எண்ணெய் குறைவு, கடலெண்ணெய்தானே என்று விட்டுவிட முடியாது. விலை மலிந்த பாமாயிலைக் கடலெண்ணெயில் கலப்பது பழைய வியாபாரம். பஜ்ஜி கடையில் பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெய்க்கும் ஒரு சந்தை இருக்கிறது. காயக்காய எண்ணெயில் கூடும் ‘போலார்’ சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. அதைச் சேகரித்து பயோடீசல் ஆக்க ஏற்பாடும் உண்டு. அந்த வழியில் போகாத எண்ணெய், சில்லறை டின் வழியாக நம் தாளிப்புக் கரண்டிக்குத் திரும்பி வந்தாலும் நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

செக்கு எண்ணெய் என்றால் எல்லாம் சரி என்பதும் அரை உண்மைதான். வீட்டுக் கடலையைக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து ஆட்டி வருவது நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் ஈரத்தில் பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உருவாகும். அது கல்லீரலைப் பிடிக்கும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அந்த நஞ்சு பெருமளவு நீங்கிவிடும். செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. ஆட்டக் கொடுக்கும் முன் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிவது, எண்ணெய் எந்தச் செக்கில் ஆட்டியது என்று விசாரிப்பதைவிட முக்கியம்.

மஞ்சளில் கதை தலைகீழ். முழு மஞ்சள் வாங்கினால் கலப்படம் இருக்காது என்றுதான் நினைப்போம். பளபளப்புக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தை ஏற்றுவது முழுக் கிழங்கின் மேல்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வங்கதேசத்தில் 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தென்பட்டது. அரசு எச்சரித்தது, மொத்த விற்பனைச் சந்தையில் சோதனை நடத்தி அபராதம் போட்டது. 2021இல் அது பூஜ்யத்துக்கு இறங்கியது. நாம் செய்யக்கூடியது, கண்ணைப் பறிக்கும் மஞ்சளை ஒதுக்கிவிட்டு மங்கலான, மண் நிறக் கிழங்கை எடுப்பது.

கேவுருக்கும் சாயம் ஏற்றுவதுண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்யக் காரணமாக இருந்த ரோடமின் பி என்ற துணிச்சாயமே இங்கேயும் சந்தேகத்துக்குரியது. தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்த பஞ்சால் கேவுருவைத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு சிவந்தால் சாயம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மிளகாய்த்தூளைத் தூவினால், செயற்கைச் சாயம் கோடு கோடாக இறங்கும். இந்த வீட்டுச் சோதனைகளை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே கையேடாக வெளியிட்டிருக்கிறது. ஆனால் இவை சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், சாட்சியாகாது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதால் ஒன்றும் நடக்காது.

நடக்க வைக்கும் வழி 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவில் இருக்கிறது. வாங்குகிறவரே பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஒரு நிபந்தனை: “இதை டெஸ்டுக்கு அனுப்பப் போறேன்” என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கையும் நேரே மாவட்ட நியமன அலுவலருக்கு வழக்குக்காகப் போகும். நமக்கு மிக அருகில் உள்ள அரசு ஆய்வகம் சென்னை கிண்டியில். அரக்கோணத்தில் ரயில் ஏறுகிறவர்களுக்கு அது ஒன்றும் தொலைதூரம் இல்லை. பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்பது வேறு விஷயம். சங்கடமாக இருந்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். அதிகாரியே வந்து மாதிரி எடுப்பார். ரேஷன் கடைப் பருப்போ பாமாயிலோ மோசமாக இருந்தால் 1967 என்ற எண்ணை அழைக்கலாம்.

எல்லை ஊர் என்பதால் ஒரு குழப்பம் வரும். திருத்தணி 1960 ஏப்ரல் 1இல்தான் ஆந்திராவிலிருந்து நம்மோடு சேர்ந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டம். அரக்கோணம் 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். ரயிலில் திருத்தணியைத் தாண்டி நகரிக்குப் போய்விட்டால் வேறு மாநிலம். சட்டம் மூன்று இடத்திலும் ஒன்றே, அதிகாரிதான் மாறுவார். உணவுப் பாதுகாப்புப் புகார், கடை இருக்கும் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

நஷ்ட ஈடு கேட்க அப்படி இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நகரியில் வாங்கிய மிளகாய்த்தூளுக்கும் நாம் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அரை கிலோ மிளகாய்த்தூள் அந்தக் கணக்கில் தாராளமாக அடங்கும். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கலப்பட உணவால் உயிரே போனால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு. குற்றவாளிக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை.

இவ்வளவுக்கும் கேட்கப்படும் முதல் காகிதம் ரசீது. ரசீது தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்று அந்த நுகர்வோர் சட்டம் சொல்கிறது. ரசீதில் கடையின் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும். மாதச் சாமான் லிஸ்ட் கொடுத்து நோட்டில் கணக்கு எழுதி வாங்கும் வீடுகள் அரக்கோணத்தில் நிறைய. அந்தக் கடைகளை விடச் சொல்லவில்லை. கணக்கு நோட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும், மாதக் கடைசியில் பணம் கட்டும்போது பொருள் வாரியாக ஒரு பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மர மூடி டப்பாவில் கொட்டிய பிறகும் உறையைக் கிழித்துப் போடாமல், பொருள் தீரும்வரை தேதி தெரியும்படி வைத்திருங்கள். தகராறு என்று வரும்போது, இந்தச் சாமான் இந்தக் கடையில் வாங்கியதுதான் என்று காட்ட வேறு எதுவும் நம்மிடம் இருக்காது.